முட்டிக்குக் கட்டம் இல்லை

இஸ்திரியக்காவை இடித்தது சாலைப் பாதுகாப்பு மற்றும் பகிர்வுத் துறையின் வண்டிதான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் சொன்னால், கதை சுவாரசியமாக இருக்கட்டும் என்று இட்டுக்கட்டியதாக நினைப்பார்கள்.

அக்கா பதினாறு வருடமாக ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர்களின் வெள்ளைக் கோட்டு எல்லாம் அவள் கையைத் தாண்டித்தான் வார்டுக்குப் போகும். அவளுடைய ஷிப்டு காலை ஆறு மணிக்குத் தொடங்கும். அந்தப் பக்கம் போகிற முதல் பஸ்ஸோ ஆறே முக்காலுக்குத்தான் கிளம்பும். இந்தப் பொருந்தாத கணக்கைப் பதினாறு வருடமாக ஒரு சைக்கிள்தான் நேர் செய்துகொண்டிருந்தது.

சைக்கிள் ஓட்டுபவர்கள் தலைக்கவசம் அணிய வேண்டும் என்று சட்டம் வந்த மறுநாளே அக்கா ஹெல்மெட் போட்டுக்கொண்டாள். வேர்த்துக் கொட்டும், அரிக்கும், பின்னால் வருகிற லாரியின் சத்தம் பாதிதான் காதில் விழும். இருந்தாலும் போட்டாள். வாரைத் தாடைக்குக் கீழே இறுக்கி, சரியாக மாட்டியிருக்கிறதா என்று இரண்டு முறை இழுத்துப் பார்ப்பாள். சாலையில் ஓரத்திலும் ஓரமாக, சாக்கடை மூடிகளின் மேல் தடதடவென்று போவாள். சட்டத்தோடு மல்லுக்கு நிற்கிற ஆள் இல்லை அவள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டரை மணி. பட்டப்பகல், வெறிச்சோடிய சாலை. ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த அக்காவின் பக்கத்தில் துறையின் வெள்ளை வண்டி ஒன்று மெதுவாக ஒட்டி வந்தது. உள்ளே டிரைவர், ஆய்வாளர், மடியில் பதிவேட்டோடு ஓர் எழுத்தர் என்று மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரும் அவளையே பார்த்தார்கள். ஏதோ வழி கேட்கப் போகிறார்கள் என்று அக்கா நினைத்தாள்.

"ஹெல்மெட் இருக்கு. வார் மாட்டியிருக்காங்களா, பாரு" என்றார் ஆய்வாளர்.

எழுத்தர் எட்டிப் பார்த்தார். முடி மறைத்தது. டிரைவரும் தன் பங்குக்குக் குனிந்து பார்த்தார். அவர் எந்தப் பக்கம் குனிந்தாரோ அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கும் திரும்பியது. அடுத்த நொடி சைக்கிளின் பின்சக்கரம் பம்பருக்கு அடியில் கிடந்தது, அக்கா சாக்கடை மூடியின் மேல் கிடந்தாள்.

மூவரும் பதறிப்போய் இறங்கி ஓடி வந்தார்கள்.

"அம்மா, வார் மாட்டியிருக்கீங்களா?"

"மாட்டியிருக்கேன்" என்றாள் அக்கா, படுத்தபடியே.

ஆய்வாளர் குனிந்து வாரை இழுத்துப் பார்த்து நிம்மதிப் பெருமூச்சு விட்டார். "ரொம்ப சந்தோஷம்மா. எல்லாரும் உங்களை மாதிரி இருந்துட்டா எங்களுக்கு வேலையே இல்லை" என்றார். எழுத்தர் பதிவேட்டில் ஒரு டிக் போட்டார். டிரைவர் மட்டும் அவளைத் தூக்கி உட்கார வைத்து, முட்டியைப் பார்த்தார். சைக்கிளைச் சான்றுப் பொருள் என்று வண்டியின் மேல் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அக்கா நொண்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

மறுநாள் காலை பஸ் பிடித்து வேலைக்குப் போனவளைச் சலவைக்கூட மேற்பார்வையாளர் வாசலிலேயே நிறுத்தினார். மணி ஏழரை.

"விரிப்பு இல்லாம வார்டுல கத்தறாங்க. இந்த வாரம் போகட்டும், அடிபட்டிருக்கு, பாவம்னு சமாளிக்கறேன். திங்கட்கிழமை ஆறு மணிக்கு நீங்க மெஷின் முன்னாடி நிக்கணும். இல்லன்னா அந்த இடத்துக்கு வேற ஆள் போட்டுருவேன். அப்புறம் என்மேல கோவிச்சுக்கக் கூடாது."

ஆக, திங்கட்கிழமைக்குள் சைக்கிள் வேண்டும். அக்காவுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். அன்று மத்தியானமே துறை அலுவலகத்துக்குப் போனாள்.

பதிவேடு வைத்திருந்த அதே எழுத்தர்தான் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று வரவேற்று, உட்கார வைத்து, ஒரு நீளமான படிவத்தை எடுத்து விரித்தார். அதில் பதினோரு கட்டங்கள் இருந்தன. முன்தலை, பின்தலை, உச்சி, நெற்றி, இரண்டு நெற்றிப்பொட்டு, இரண்டு காது, மூக்கு, தாடை, பிடரி.

"எங்கெங்க அடிபட்டுச்சு? சொல்லுங்க."

"முட்டியில."

எழுத்தர் படிவத்தை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் தேடினார். திருப்பிப் போட்டும் பார்த்தார்.

"முட்டிக்குக் கட்டம் இல்லைங்க."

"அடி அங்கதாங்க பட்டுச்சு."

"பட்டிருக்கலாம். ஆனா பதிய முடியாதுங்களே. தலையில ஏதாவது இருக்கா, யோசிச்சுப் பாருங்க. லேசா ஒரு சிராய்ப்பு?"

"இல்லீங்க. தலை நல்லா இருக்கு. என் சைக்கிளைக் குடுத்தீங்கன்னா நான் பாட்டுக்குப் போயிடுவேன்."

"தலை நல்லா இருக்கா!" எழுத்தரின் முகம் மலர்ந்தது. பதினோரு கட்டத்திலும் 'நன்று' என்று எழுதினார். "இதை மருத்துவர் உறுதி செய்யணும். அப்புறம் கோப்பு மேல போகும். கோப்பு மூடினா சைக்கிள் உங்களுக்கு."

வியாழக்கிழமை மருத்துவர் பார்த்தார். அவர் துறையின் மருத்துவர், தலைக்கு மட்டும் மருத்துவர். அக்காவின் மண்டையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் தட்டினார். நாடா வைத்து அளந்தார். அவளுடைய முட்டி அதற்குள் பந்து போல வீங்கி, புடவையை மீறித் தெரிந்தது. மருத்துவரின் கண் ஒருமுறை கூட அங்கே இறங்கவில்லை. அவ்வளவு கட்டுப்பாடு.

"அருமையான தலை. ஹெல்மெட் காப்பாத்தியிருக்கு" என்றார்.

"டாக்டர், தலையில யாருமே இடிக்கலையே. முட்டியிலதான் இடிச்சாங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன். ஹெல்மெட் போட்டிருந்தீங்க, தலையில அடிபடலை."

"ஹெல்மெட் போட்டிருந்தும் முட்டியில பட்டுதே?"

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த மாதிரிக் கேள்விகளுக்கு அவர் பழக்கப்பட்டவர் இல்லை. "அது ஹெல்மெட்டோட பொறுப்பு இல்லைம்மா. இடுப்புக்குக் கீழ எல்லாம் நடைபாதைத் துறை."

"அது எந்த மாடியில இருக்கு?"

"இன்னும் ஆரம்பிக்கலை. முதல்ல நடைபாதை வரணும். வந்ததும் துறை வரும்."

வெள்ளிக்கிழமை மாலை கடிதம் வந்தது. அக்காவின் வீட்டுக்காரர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். கல்யாணப் பத்திரிகையானாலும் கருமாதிக் கடிதமானாலும் சிவப்புப் பேனாவோடுதான் படிப்பார். அவர் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, குரலை உயர்த்தி வாசித்தார்.

"'தங்கள் தலை முழுமையாகக் காப்பாற்றப்பட்டமைக்காகத் துறை தன்னைப் பாராட்டிக்கொள்கிறது. சனிக்கிழமை காலை நடைபெறும் தலைப் பாதுகாப்பு வார விழாவில் தாங்கள் கௌரவிக்கப்படுவீர்கள். இணைப்பில் உள்ள உறுதிமொழியை மேடையில் வாசித்துக் கையெழுத்திட்டதும் சைக்கிள் ஒப்படைக்கப்படும். விபத்து நிகழ்ந்த கணம் வரை எமது குழுவினர் மூவரும் தங்கள் தலையிலிருந்து ஒரு நொடியும் பார்வையை அகற்றவில்லை என்பது விசாரணையில் நிறுவப்பட்டுள்ளது. அவர்களின் கடமையுணர்வைப் பாராட்டிச் சான்றிதழ் வழங்கப்படும்.'"

வீட்டுக்காரர் பேனாவை மூடினார். "ஒரு பிழை இல்லை. அபூர்வம்."

அக்கா முட்டியில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

"அந்தக் கடைசி விஷயத்தை மறுபடி படிங்க."

படித்தார்.

"மூணு பேருமா?"

"மூவரும்னு போட்டிருக்கு."

"டிரைவரும் சேர்த்தா?"

"வண்டியில மூணு பேர்தானே இருந்தாங்க?"

"அப்ப ரோட்டை யாருங்க பார்த்தா?"

வீட்டுக்காரர் கடிதத்தை முதலிலிருந்து கடைசி வரை மறுபடி பார்த்தார். இந்தத் தடவை பிழைக்காகப் பார்க்கவில்லை. "அது இதுல இல்லை" என்றார் மெல்ல.

அக்காவுக்கு அந்த நிமிடம்தான் கோபம் வந்தது. இடித்தபோது வரவில்லை, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போனபோது வரவில்லை, டாக்டர் நாடா வைத்து அளந்தபோதுகூட வரவில்லை. பதினாறு வருடமாக ஓரமாகப் போனவளை, ஹெல்மெட் போட்டவளை, ஹெல்மெட் போட்டிருக்கிறாளா என்று பார்த்தே இடித்திருக்கிறார்கள். அதற்குச் சான்றிதழ் வேறு. ஐஸ் துணியைத் தண்ணீர்த் தொட்டியில் வீசி எறிந்தாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு விழா மண்டபத்துக்கு இருவரும் போனார்கள். வாசலில் நின்றிருந்த வெள்ளை வண்டியிலிருந்து டிரைவர் இறங்கி வந்தார்.

"அக்கா, முட்டி எப்படி இருக்கு?"

நான்கு நாளில் அந்தத் துறையில் முட்டியை விசாரித்த முதல் ஆள் அவர்தான்.

"மன்னிச்சுக்கோங்கக்கா. ஒரு நாளைக்கு நாப்பது தலை எழுதணும்னு உத்தரவு. நாப்பது வரலன்னா டிரைவரும் சேர்ந்து பாருன்னு சொல்லிட்டாங்க. அன்னிக்கு நீங்க முப்பத்தொன்பதாவது."

"நாப்பதாவது யாரு?"

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். "எழுந்து உட்கார்ந்தீங்களே, அப்ப மறுபடி உங்களையே எழுதிட்டாங்க."

மண்டபத்துக்குள் இருநூறு பேர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் துறை ஊழியர்கள். ஒருவர்கூட சைக்கிளில் வந்தவர் இல்லை. மண்டபத்துக்கு வெளியே சாலையின் இரண்டு ஓரமும் அவர்களுடைய கார்களால் அடைபட்டுக் கிடந்தன. மேடை நடுவில் அக்காவின் சைக்கிளுக்கு நீல நாடா கட்டி நிறுத்தியிருந்தார்கள். நசுங்கிய பின்சக்கரம் கூட்டத்துக்குத் தெரியாதபடி, அதன் முன்னால் ஒரு பூந்தொட்டி வைத்திருந்தார்கள்.

துறையின் இயக்குநர் பேச எழுந்தார். தங்க நிற ஹெல்மெட். வார் தாடையில் இறுகியிருந்ததால் வாய் முழுதாகத் திறக்கவில்லை, ஆனால் அது அவருடைய பேச்சைத் தடுக்கவில்லை.

"சகோதர சகோதரிகளே! இந்தத் துறை நான் பொறுப்பேற்கும்போது எப்படி இருந்தது? சைக்கிள் விபத்துகள் மலிந்து கிடந்தன. இன்று பாதியாகக் குறைந்துவிட்டன. எப்படிச் சாதித்தோம்? சைக்கிள் ஓட்டுபவர்களே பாதியாகக் குறைந்துவிட்டார்கள். மீதிப் பாதியும் போய்விட்டால் நமக்கு முழு வெற்றி!"

கைதட்டல். ஹெல்மெட்டுகள் ஒன்றோடொன்று உரசின.

"சிலர் சைக்கிளுக்குத் தனிப்பாதை கேட்கிறார்கள். நான் அவர்களைக் கேட்கிறேன், தனிப்பாதை போட்டுவிட்டால் பகிர்வு என்ன ஆகும்? இந்தத் துறையின் பெயரிலேயே பகிர்வு இருக்கிறதே! பகிர்வு என்றால் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வது. சாலையை ஓட்டுநர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஜாக்கிரதையைச் சைக்கிள்காரர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். இதைவிட நியாயமான பங்கீடு உலகத்தில் உண்டா? ஓட்டுநர்களுக்கு நாம் பயிற்சி தரவில்லையே என்கிறார்கள். ஏன் தர வேண்டும்? இதுவரை எந்த ஓட்டுநருக்காவது சைக்கிள் மோதிக் கால் உடைந்திருக்கிறதா?"

மறுபடி கைதட்டல். பிறகு ஆய்வாளருக்கு, எழுத்தருக்கு, டிரைவருக்குக் கடமையுணர்வுச் சான்றிதழ் கொடுத்தார்கள். டிரைவர் அதை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"இப்போது, காப்பாற்றப்பட்ட தலை!" என்று அறிவித்தார்கள்.

அக்கா நொண்டிக்கொண்டே மேடை ஏறினாள். மூன்று படி. மேடையில் இருந்த எவரும் கை கொடுக்கவில்லை. எல்லாரும் அவள் ஹெல்மெட்டைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தார்கள். எழுத்தர் மைக்கையும் உறுதிமொழியையும் பேனாவையும் நீட்டினார். அக்கா வாசித்தாள்.

"'என் தலை துறையால் காப்பாற்றப்பட்டது. எனக்கு வேறு காயம் எதுவும் இல்லை. சாலையில் நான் இருந்ததே விபத்துக்குக் காரணம் என்பதை உணர்கிறேன்.'"

மண்டபம் கைதட்டத் தயாராகக் கையைத் தூக்கியது. அக்கா தாளைத் தாழ்த்திப் பிடித்தாள். வேலை போய்விடுமோ என்ற பயம் இல்லாமல் இல்லை. கையெழுத்துப் போட்டால் சைக்கிள் இந்த நிமிடமே கையில், திங்கட்கிழமை மெஷின் முன்னால் நிற்கலாம். ஒரு கிறுக்கல்தான், யார் பார்க்கப் போகிறார்கள்? கீழே வீட்டுக்காரர் மட்டும் ஹெல்மெட் இல்லாமல் உட்கார்ந்து, கண் கொட்டாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல மூணு வரி இருக்கு. மூணும் பொய்" என்றாள் அக்கா. மைக்கில் அது அவள் எதிர்பார்த்ததை விடப் பெரிதாகக் கேட்டது. "என் தலையை யாரும் காப்பாத்தலை. அதை யாரும் இடிக்கவே இல்லை. உங்க வண்டி என் முட்டியில இடிச்சுது. ஏன் இடிச்சுது? மூணு பேரும் என் ஹெல்மெட்டைப் பார்த்துக்கிட்டு வந்தீங்க. ரோட்டைப் பார்க்க ஒருத்தர் கிடையாது. இதை நான் சொல்லலை, நீங்கதான் கடிதாசியில எழுதியிருக்கீங்க, ஒரு பிழை இல்லாம. என் வீட்டுக்காரர் பார்த்துட்டார். நான் ஹெல்மெட் போடுவேன். என் தலை, எனக்கு அக்கறை இருக்கு. நாளைக்கும் போடுவேன். ஆனா நான் ரோட்டுல இருந்ததுதான் தப்புன்னு எவன் சொன்னாலும் கையெழுத்துப் போட மாட்டேன். ஆறு மணிக்கு நான் போகலன்னா உங்க ஆஸ்பத்திரிப் படுக்கையில விரிப்பு கிடையாது. நான் ரோட்டுலதான் இருப்பேன்."

யாரும் கைதட்டவில்லை. தட்டத் தூக்கிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் சிலர் ஹெல்மெட்டைச் சரி செய்துகொண்டார்கள்.

அக்கா மைக்கை எழுத்தரிடம் கொடுத்துவிட்டு, பூந்தொட்டியை நல்ல காலால் நகர்த்தினாள். நாடாவை அவிழ்த்தாள். சைக்கிளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு படி இறங்கினாள். வீட்டுக்காரர் ஓடி வந்து பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"அம்மா! கையெழுத்து இல்லாம சான்றுப் பொருளை எடுக்கறது திருட்டு!" என்று இயக்குநர் கத்தினார்.

"திருட்டுன்னே எழுதிக்கோங்க" என்றாள் அக்கா திரும்பாமல். "கட்டம் இருக்கான்னு பாருங்க."

எழுத்தர் அவசர அவசரமாகப் படிவத்தைப் புரட்டினார். "இல்லைங்க ஐயா" என்று அவர் சொன்னது மைக்கில் மண்டபம் முழுக்கக் கேட்டது.

வெளியே மணி பன்னிரண்டேகால். சைக்கிள் ரிப்பேர்க் கடை சனிக்கிழமைகளில் ஒரு மணிக்கு மூடிவிடும், ஞாயிறு திறக்காது. கடைக்கு ஒன்றரை கிலோமீட்டர். தரையில் விட்டால், வளைந்த சக்கரம் சுற்றுக்கு ஒரு தரம் சைக்கிள் சட்டத்தில் உரசி நின்றது. ஓரமாகப் போகலாம் என்றால் ஓரம் முழுக்கத் துறையின் கார்கள். அக்கா ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு சாலையின் நடுவில் இறங்கி நடந்தாள்.

இருநூறு அடி போவதற்குள் பின்னால் ஹாரன் கேட்டது. விழாவைப் பாதியில் முடித்துக்கொண்டு இயக்குநர் கிளம்பியிருந்தார். வெள்ளை வண்டியை ஓட்டியது அதே டிரைவர். அதற்குப் பின்னால் ஆய்வாளர்கள், மருத்துவர், எழுத்தர் என்று ஒவ்வொரு காராகச் சேர்ந்துகொண்டே வந்தது.

வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "ஒதுங்கிடலாமா?"

"எங்க ஒதுங்கறது, காட்டுங்க."

அவருக்குக் காட்ட இடம் கிடைக்கவில்லை. சைக்கிளை இன்னும் கொஞ்சம் உயரமாகத் தூக்கிக்கொண்டார்.

இயக்குநர் ஜன்னலை இறக்கித் தங்க ஹெல்மெட்டை வெளியே நீட்டினார். "என்னம்மா இது? ரோடு என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?"

"இல்லீங்க ஐயா. பாதிதான்" என்றாள் அக்கா. "நீங்கதானே பகிர்வுன்னு சொன்னீங்க. முன்னாடி பாதி எனக்கு. பின்னாடி பாதி உங்களுக்கு."

"டிரைவர், ஹாரன் அடி! விடாம அடி!"

டிரைவர் அடிக்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி, நொண்டி நடக்கிற ஒரு பெண்ணின் வேகத்தில் வண்டியை உருட்டினார். பின்னால் வந்தவர்களுக்கும் வேறு வழி இருக்கவில்லை.

ஒன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ரிப்பேர்க் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டிருந்தார். தெருமுனையில் அக்காவையும், அவள் பின்னால் வளைவு தாண்டியும் முடியாமல் நீண்டிருந்த கார்களையும் பார்த்துவிட்டு, ஷட்டரை மறுபடி தூக்கினார்.

"என்னக்கா, யாராவது பெரிய மனுஷங்க வர்றாங்களா?"

"நான்தான் வர்றேன்" என்றாள் அக்கா. "பின்சக்கரம் நசுங்கிடுச்சு. திங்கட்கிழமை காலையில ஓடணும்."

கடைக்காரர் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, "ஓடும்" என்றார்.

அக்கா சைக்கிளை மெதுவாகத் திருப்பி, ஸ்டாண்டு போட்டு, சாயாமல் நிற்கிறதா என்று இரண்டு முறை ஆட்டிப் பார்த்தாள். அதுவரை அத்தனை வண்டிகளும் நின்றுகொண்டிருந்தன.